இரண்டு ஆணி போட்ட கண்ணாடி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது. நடப்பதற்குக் கூட்டம், உடம்பு இளைப்பதற்குக் கூட்டம், சிரிப்பதற்குக்கூடக் கூட்டம். எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் காலையில் பத்துப் பேர் வட்டமாக நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. தலைவலி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்து, தனியாக எழுந்த ஆள் நான். முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் எனக்கு வண்டி ஓடாது. குடித்தேன், நிறைய. ஒரு நாள் விட்டேன். யாரையும் கேட்டு விடவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இருபத்தாறு வருடம் ஆகிறது.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அது எப்படியோ தெரியும். என் வீட்டுக்காரி இருந்தபோது சொல்லியிருப்பாள். அவள் வாயில் எது தங்கியது.

அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க விரிப்புகளை மடிக்கிறவள். ஆவி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான்கு மூலையும் ஒட்டி மடித்த துண்டுச் சீட்டோடு இறங்கி வந்தாள்.

"பெரியப்பா, ஒரு உதவி."

"பல்பு போச்சா?"

"பல்பு இல்ல. எங்க வீட்டுக்காரரை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

சீட்டை நீட்டினாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். புதன், ஆறு மணி, தையல் வகுப்புக் கட்டடம், பின்வாசல். அவ்வளவுதான் இருந்தது. பேர் இல்லை, போன் நம்பர் இல்லை.

"என்ன எடம் இது?"

"குடியை விட்டவங்க, விடணும்னு நினைக்கறவங்க, எல்லாம் உக்காந்து பேசுவாங்களாம். ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா குடுத்தாங்க."

"சளி புடிச்சவன் பத்துப் பேரை ஒரு ரூம்ல அடைச்சா சளி போயிடுமா? இன்னும் நாலு பேருக்குத்தான் ஒட்டும்."

"அதைத்தான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"நீயே கூட்டிட்டுப் போயேன்."

"நான் போனா இவரு என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசுவாரு. அவங்களும் எனக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிடுவாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்கும் பொய் சொல்ல வராது பெரியப்பா."

"அவ்வளவு நல்ல மூஞ்சியா?"

"யாரையும் நம்பாத மூஞ்சி."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

அவள் புருஷன் கண்ணாடி வெட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயது. ஜன்னல் கண்ணாடி, கடைவாசல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி எல்லாம் வெட்டிப் பொருத்துகிற பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை. அவன் வெட்டி நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி வெட்டும் வைரத்தை மண்ணெண்ணெயில் ஒரு தடவை முக்குவான், அளவுகோலை அழுத்துவான், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதே கோட்டில் இரண்டாம் தடவை இழுக்கக் கூடாது. இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் உடையும்.

கொஞ்ச வருடமாக, காலையில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் அவனுக்கு அந்தக் கை நிற்கும். பிறகு ஒரு வாய் இரண்டாகி, மத்தியானத்துக்கும் நீண்டது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஆள் உயரக் கடைக்கண்ணாடி ஒன்று அவன் பிடியிலிருந்து நழுவி, எதிரே தாங்கிக்கொண்டிருந்தவனின் காலருகே விழுந்து நொறுங்கியது. மயிரிழையில் தப்பினான் அந்த ஆள். பட்டறை முதலாளி சத்தம்கூடப் போடவில்லையாம். வைரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கை சரியாகிறவரை கண்ணாடி கழுவு என்று சோப்புத் தண்ணீர் வாளியைக் காட்டினாராம்.

மறுநாளிலிருந்து அவன் குடிக்கவில்லை. பதினோரு நாள். கை முன்னைவிட மோசமாக ஆடியது. வீட்டில் தன் சொந்த வைரத்தை எடுத்து உடைசல் கண்ணாடியில் வெட்டிப் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். அன்றைக்கு அவள் வைரத்தையும், கண்ணாடி இடுக்கில் பசை பூசுகிற பட்டிக் கத்தியையும் பிடுங்கித் தன் நீலப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தப் பை கண்ணாடி விழுந்த அன்று அவள் கட்டியது. அக்கா வீட்டுக்குப் போகக் கட்டிய பை. பன்னிரண்டு நாளாக மாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அவன் தினமும் வேலைக்குப் போய்வருகிறான்.

"நீங்க வந்து சொல்ற ஒரு வார்த்தைதான் பெரியப்பா," என்றாள். "உருப்படியான எடம்னா பையைப் பிரிச்சிடறேன். ஏமாத்துன்னா நாளைக்கு முதல் பஸ். எனக்கு இனிமே உக்காந்து காவல் காக்கத் தெம்பில்ல."

இப்படி ஒரு பாரத்தை எந்தத் தைரியத்தில் ஒருத்தர் தலையில் வைக்கிறார்கள்! நான் செருப்பைப் போட்டேன்.

தூறிக்கொண்டிருந்தது. நனைவதற்கும் போதாது, குடை விரிக்கவும் போதாது; எரிச்சல் மட்டும் கிளப்புகிற தூறல். அவன் சட்டைப்பை நிறைய மிட்டாய். விட்டதிலிருந்து வாய் இனிப்புக் கேட்கிறதாம். ஒன்று கரைவதற்குள் அடுத்ததைக் கடித்தான். கடிக்கிற சத்தம் என் காதிலேயே கேட்டது. நடையிலும் நிலை இல்லை. நான்கடி முன்னால் போவான், நின்று திரும்பிப் பார்ப்பான், செருப்பை உதறுவான்.

மூலையில் நான் இடப்பக்கம் திரும்பினேன்.

"நேராப் போனா அஞ்சு நிமிஷம் பெரியப்பா. இது சுத்து."

"அந்தத் தெருவுல நாய் இருக்கு."

"நாயா? நான் தினம் போற தெரு. நாயெல்லாம் இல்ல. ஒரு பார்தான் இருக்கு."

"தெரியுதுல்ல. உனக்காகத்தான் சுத்தறேன். பேசாம வா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அடுத்த மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தான். விரல் ஆடியதில் காகிதம் கிழிபட மூன்று தடவை ஆனது.

தையல் வகுப்புக் கட்டடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எதிரே டீக்கடைக்காரனைக் கேட்டேன். "வகுப்பு நாலு மணியோட முடிஞ்சுதே, அதுவும் லேடீசுக்குத்தான்," என்று சத்தமாகச் சொன்னான். பின்வாசல் என்றேன். சட்டென்று அவன் குரல் இறங்கியது. பக்கச் சந்தை முகவாயால் காட்டிவிட்டு, துடைத்த டம்ளரையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான். எங்கள் முகத்தை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மரியாதை காட்டுகிறானா, அருவருக்கிறானா என்று எனக்குப் புரியவில்லை.

சந்து முடிவில் மேல்பாதி கண்ணாடி வைத்த மரக்கதவு. பூட்டியிருந்தது. சுற்றி மூன்று பேர். ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர்வரி அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். தேதி போன வருடத்தது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு ஆள் குனிந்து தன் பைக்கின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடை பிடித்த அம்மா ஒருவர், பஸ் வராத சந்தில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார். ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நின்றார்கள். லாரி ஷெட்டில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியாதவர்கள் அவ்வளவு பாடுபட்டுத் தெரியாமல் நிற்க மாட்டார்கள்.

"பூட்டியிருக்கு," என்றான் இவன். குரலில் அப்படியொரு நிம்மதி. "வாங்க போயிடலாம். அவகிட்ட பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிடுவோம். பொய் இல்லையே."

"நாளைக்கு முதல் பஸ்ஸுல போயிடுவா."

"தெரியும்." நாக்கால் உதட்டைத் தடவினான். "தொண்டை வறளுது பெரியப்பா. ஒரே ஒரு வாய் போட்டா கை நின்னுடும். கை நின்னா பட்டறைல வைரத்தைக் குடுத்துடுவாங்க. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"பழையபடி ஆயிடும்னுதான் நானும் பயப்படறேன்," என்றார் குடைக்கார அம்மா, யாரிடமோ பேசுவதுபோல. பிறகு நேராகத் திரும்பினார். "புதுசா?"

இவன் தலையை ஆட்டினான்.

"நான் கணக்கு டீச்சர். பதினோரு வருஷம். நீங்க?"

"பதினோரு நாள்."

"அப்ப நீங்கதான் பெரிய ஆளு. எனக்கு இப்ப அவ்வளவு கஷ்டம் இல்ல."

"கதவை ஏன் திறக்கலை?" என்றேன் நான். "ஆறே கால் ஆச்சு. இதான் உங்க லட்சணமா?"

டீச்சர் சொன்னார்: குடிக்காமல் மூன்று மாதம் தாண்டியவரிடம்தான் சாவியைக் கொடுப்பார்களாம். அடுத்த மூன்று மாதத்துக்குப் புதன்தோறும் அவர்தான் வந்து திறக்க வேண்டும். பத்து வருடம் ஆனவர்களுக்கு அந்த வேலை கிடையாதாம்.

"கூறுகெட்ட ஏற்பாடா இருக்கே. தவறி விழக்கூடிய ஆளா பாத்துக் குடுக்கறீங்க."

"ஆமா. மத்தவங்க எதிர்பாத்து நிப்பாங்கன்னு தெரிஞ்சா வருவாங்க. பெரும்பாலும்."

இப்போது சாவி வைத்திருந்தவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். டீச்சர் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்காரர் நிமிர்ந்து, "எடுக்கலையா?" என்றார். "எடுக்கலை." அவர் மறுபடி சங்கிலிப் பக்கம் குனிந்துகொண்டார். நானும் குடித்தவன்தான். எடுக்காத போனுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அறிவிப்புப் படித்தவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு கல்லு குடுங்க. கண்ணாடியை உடைச்சு உள்ள கைவிட்டுக் குமிழைத் திருகிடலாம்."

"எதை உடைக்கறீங்க?" என்று இவன் பாய்ந்தான். நான் அவனை அத்தனை வேகமாகப் பார்த்ததில்லை. "பூப்போட்ட கண்ணாடி சார். இந்தப் பூ இப்ப வர்றதே இல்ல. உடைச்சா அப்புறம் அட்டைதான் வைப்பீங்க." கதவின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனான். "எவனோ புத்திசாலித் தச்சன் கண்ணாடியைப் பிடிக்கற பீடிங் பட்டையை வெளிப்பக்கம் அடிச்சிருக்கான். திருடனுக்கு வசதி. நாலு பட்டை, எட்டு ஆணி. பட்டியெல்லாம் காஞ்சு பொரிஞ்சு கிடக்கு. பெரியப்பா, கத்தி இருக்கா?"

பழம் நறுக்குகிற மடக்குக் கத்தி என் இடுப்பில் எப்போதும் உண்டு. கொடுத்தேன்.

கத்தி முனை பட்டையின் இடுக்கில் நிற்கவில்லை. தடதடவென்று மரத்தைத் தட்டியது. இரண்டு தடவை வழுக்கியது. கட்டுப்போட்ட உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்தான். "முடியலை," என்று கத்தியை நீட்டினான். யாரும் வாங்கவில்லை. எல்லோருக்கும் கைகளை மறைத்துக்கொள்ள அப்போதுதான் தோன்றியது.

"மெதுவா," என்றார் ஹெல்மெட்காரர். "எங்களுக்கு வேற எங்கயும் போற வேலை இல்ல."

அவன் மறுபடி குனிந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டையைத் துளித்துளியாக நெம்பினான். முதல் பட்டைக்கே பத்து நிமிடம் போயிருக்கும். ஆணி வளையாமல் வந்தது. அடுத்த இரண்டும் சீக்கிரம் வந்தன. கீழ்ப்பட்டையை எடுக்குமுன் நின்றான்.

"இதை எடுத்தா கண்ணாடி சாயும். யாராவது தாங்கணும். கை நடுங்காதவங்க யாரு?"

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல எடத்துல வந்து கேட்டீங்க போங்க." பிறகு நான்கு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எதற்கு இந்த வம்பு? ஆனாலும் தாங்கினேன். கண்ணாடி என் உள்ளங்கைகளுக்குள் மெல்லச் சரிந்து வந்தது, குளிர்ச்சியாக, கனமாக. ஒரு கீறல் இல்லை. அவன் உள்ளே கைவிட்டுக் குமிழைத் திருகினான்.

அறையில் ஓரமாகத் துணி போர்த்திய தையல் இயந்திரங்கள். தரையெல்லாம் நூல்பிசிறு. மூன்று பெஞ்சு, ஒரு மின்சாரக் கெட்டில். டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். வாங்கி மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் குடித்தேன்.

"நீங்க விட்டு எத்தனை வருஷம்?" என்றார் அவர்.

"யாரு சொன்னது?"

"டீயை மோந்து பாத்துட்டுக் குடிக்கறீங்க. நானும் அப்படித்தான். எதுல என்ன கலந்திருக்கோன்னு."

இவன் வாயில் மிட்டாயோடு என்னைப் பார்த்தான். வேறு வழியில்லை. "இருபத்தாறு."

"யார்கூடப் பேசுவீங்க?"

"எதுக்குப் பேசணும்?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன்.

கூட்டம் என்றால் மேடை, மாலை என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அவரவர் உட்கார்ந்து தன் வாரத்தைச் சொன்னார்கள். அறிவிப்புக்காரர், மச்சினன் வீட்டு விருந்திலிருந்து வாசல் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்ததைச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. இவன் முறை வந்தது. ரொம்ப நேரம் மிட்டாய்க் காகிதத்தை உருட்டினான்.

"கண்ணாடி வெட்டறவன். பதினோரு நாள். குடிச்சா கை நிக்குது. குடிக்கலைன்னா ஆடுது. இதுல எது வியாதி, எது மருந்துன்னு எனக்குப் புரியல. அன்னைக்குக் கடைக்கண்ணாடி விழுந்துச்சே, அன்னைக்குக் கை ஆடவே இல்ல. நல்லா குடிச்சிருந்தேன். கை கல்லு மாதிரி நின்னுச்சு. நான்தான்... எதிர்ல ஆள் நிக்கறதையே மறந்துட்டு விட்டுட்டேன். வீட்டுல நடுக்கத்துல விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாடியில் அவள் பதினோரு நாளாக அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு நாப்பதாம் நாள் நின்னுச்சு," என்றார் ஹெல்மெட்காரர்.

"மூணு மாசம் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டுத்தான் போர்டுல எழுதினேன்," என்றார் டீச்சர். "இப்ப நீங்க புடிச்சீங்களே, அதே மாதிரி."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ரொட்டி வண்டிக்காரர். வாடை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. கண்ணாடி இல்லாத கதவின் ஓட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நனைந்த கையில் சாவி.

"பாத்தீங்களா," என்று எழுந்தேன். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "மூணு மாசம் தாண்டினவர்!"

"உக்காருங்க, டீ இருக்கு," என்றார் டீச்சர். என்னிடமில்லை, அவரிடம்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க டீச்சர். நான் லாயக்கில்ல." சாவியை பெஞ்சில் வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. பெரிய உடம்பு. அழுதபோது பெஞ்சு ஆடியது.

"உங்க முறை இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. எடுத்துப் பாக்கெட்ல வைங்க."

"குடிச்சவன்கிட்டயே சாவியா?" என்றேன்.

"இங்க திருட என்ன சார் இருக்கு? ஒரு கெட்டில்."

"அடுத்த வாரமும் குடிப்பான்."

"குடிக்கலாம்."

"அப்புறம் என்னத்துக்கு இந்தக் கூட்டம்?"

"தெரியலை. போன தடவை விழுந்தப்ப நாலு மாசம் இந்தப் பக்கமே வரலை. இன்னைக்கு ஒரு மணி நேரம்தான் லேட்டு."

இது என்ன கணக்கு! கணக்கு டீச்சராம். நான் கத்தியை மடக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

இவன் என் பின்னாலேயே வந்தான். கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தி, என்னைத் தாங்கச் சொல்லிவிட்டு, பட்டைகளைப் பொருத்தினான். செருப்பின் குதிகாலால் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டே ஆணி அடித்தான். மிச்சம் ஆறையும் மிட்டாய் இருந்த பையில் போட்டான்.

"ஏன்டா, மிச்சத்தை யாரு அடிப்பா?"

"புதுப் பட்டி வச்சுட்டுத்தான் அடிக்கணும் பெரியப்பா. அடுத்த புதன் கொண்டாந்து முடிச்சிடறேன். அதுவரைக்கும் நிக்கும்."

பட்டி விற்கிற கடை சந்து முனையிலேயே இருந்தது, திறந்தும் இருந்தது. வரும்போதே பார்த்தேன். அவன் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான்.

"நீங்க போங்க," என்றான். "அந்த அண்ணனை வீடு வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன். ஹெல்மெட் சாரும் வர்றாரு."

குடித்தவனோடு பதினோரு நாள்காரன். எந்தப் புத்தியுள்ளவன் அனுப்புவான்? அனுப்பினேன். நான் சொன்னால் நிற்கவா போகிறான்.

சந்தைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. அவள்தான்.

"என்ன பெரியப்பா? ஏமாத்துக்காரங்களா?"

"காசு கேக்கலை. புத்தி சொல்லலை. ஒருத்தன் குடிச்சுட்டு வந்தான், அவனுக்கும் டீ குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடலைம்மா."

"நம்பலாமா?"

"நான் நம்பலை."

"பையைப் பிரிக்கவா, வேண்டாமா?"

"பை அப்படியே இருக்கட்டும். அவன் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், அதைக் கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. அந்தப் பட்டிக் கத்தி உள்ள இருக்குல்ல, அதை மட்டும் எடுத்து வெளிய வை. அடுத்த புதன் அவனுக்கு வேலை இருக்கு."

ஜிப் இழுபடுகிற சத்தம் போனில் கேட்டது. வைத்துவிட்டேன்.

தூறல் நின்றிருந்தது. மூலைக்கு வந்தேன். நேராகப் போனால் ஐந்து நிமிடம். முட்டி வேறு வலித்தது. தெரு காலியாகத்தான் இருந்தது. நடுவில் பாரின் விளக்கு ஈரத்தரையில் சிவப்பாக நீண்டு கிடந்தது. இப்போது என்கூட யாரும் இல்லை, யாருக்காகவும் சுற்ற வேண்டியதில்லை. ஆறு பேர் உட்கார்ந்து பேசினால் குடி போய்விடும் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. தனியாக விட்டவன் நான்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சுற்றுவழியில் திரும்பினேன். அந்தத் தெருவில் நாய் இருக்கும்.